நான்கு கைகளில் ஒரு பிள்ளை

முப்பிடாதி வயிற்றில் இருந்த பிள்ளை என் மனைவி வடிவின் வயிற்றுக்கு மாறியது ஒரு செவ்வாய்க்கிழமை மதியச் சாப்பாட்டு நேரத்தில். எலுமிச்சை மண்டியின் தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே, நான் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது. எங்கள் ஊருக்கு மேற்கே மலை, மலைக்கும் ஊருக்கும் நடுவே எலுமிச்சைத் தோட்டங்கள், தோட்டத்துக் காயெல்லாம் விடிந்ததும் வந்து இறங்குவது எங்கள் மண்டியில், அதைப் பெரிசு நடுத்தரம் பொடி என்று மூன்றாகப் பிரித்துச் சாக்கில் கட்டுவது அந்த ஐந்து பெண்கள். வடிவு, இசக்கி, ஞானசெல்வம், மைதீன்பாத்து, எல்லோருக்கும் இளையவளாக முப்பிடாதி. ஒருத்தி கோயிலுக்குப் போவாள், ஒருத்தி சர்ச்சுக்குப் போவாள், ஒருத்தி ஐந்து வேளையும் தொழுவாள், ஆனாலும் ஒருத்தி தூக்குச்சட்டியில் இருக்கும் குழம்பு மற்ற நாலு பேர் சோற்றிலும் விழாமல் ஒரு மதியமும் போனதில்லை.

முப்பிடாதி அன்று சாப்பிடவில்லை. வனக் காப்பாளர் வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறியிருந்தாள். வெள்ளிக்கிழமை பதினாறு கிலோமீட்டரை நான்கு மணி நேரத்துக்குள் நடந்து காட்ட வேண்டும் என்று கடிதம் வந்திருந்தது. வயது வரம்புப்படி அவளுக்கு இதுதான் கடைசித் தடவை. அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். முன்னால் இரண்டு பிள்ளைகள் மூன்றாம் மாதத்திலேயே கலைந்திருந்தன. இந்த முறை நடந்தால் இதுவும் தங்காது என்று ஊர் நர்சம்மா சொல்லிவிட்டாள்.

"போகலைன்னா வேலை போச்சு. போனா பிள்ளை போச்சு," என்றாள் முப்பிடாதி.

"ஒரு மனு எழுதிக் குடுத்துப் பாரேன். பிள்ளையப் பெத்துட்டு வந்து நடக்கேன்னு," என்றாள் இசக்கி.

"ஆமா, அந்த ஆபீசர் ஒனக்குச் சின்ன மாமனாரு, ஒத்துக்கிடுவாரு," என்றாள் ஞானசெல்வம்.

வடிவு கையைக் கழுவிவிட்டு வந்து முப்பிடாதியின் வலது கையைப் பிடித்தாள். "ஏட்டி, அழாத. எங்கிட்ட குடுத்துட்டுப் போ. நடந்து முடிச்சிட்டு வந்து வாங்கிக்கிடு," என்றாள், வெளியூர் போகிறவள் பக்கத்து வீட்டில் சாவியைக் கொடுத்துவிட்டுப் போவதைப் பற்றிப் பேசுகிறவள்போல. சொல்லிக்கொண்டே அவள் கையிலிருந்த பச்சைக் கண்ணாடி வளையல் ஒன்றை உருவித் தன் கையில் போட்டுக்கொண்டாள். எங்களுக்குக் கல்யாணமாகிப் பதினாலு வருஷம், பிள்ளை கிடையாது. நான் அந்த வளையலைப் பார்த்தேன், மறுபடியும் சோற்றைப் பார்த்தேன்.

முப்பிடாதி கண்ணைத் துடைத்துவிட்டுத் தன் தூக்கைத் திறந்து முழுச் சோற்றையும் தின்றாள். வடிவு எழுந்து பந்தலுக்குப் பின்னால் போய் வாந்தியெடுத்தாள். மைதீன்பாத்து அவளுக்கு ஒரு எலுமிச்சையை நறுக்கிக் கொடுத்து, "மாறியாச்சு போல," என்றாள். பிறகு ஐந்து பேரும் உட்கார்ந்து மிச்சக் காயைப் பிரித்தார்கள். வெள்ளிக்கிழமை முப்பிடாதி பதினாறு கிலோமீட்டரையும் மூன்றே கால் மணி நேரத்தில் நடந்தாள்.

ஊர் அதை ஏற்றுக்கொண்டது. நர்சம்மா கர்ப்பிணி அட்டையில் முப்பிடாதியின் பெயரை ஒரு கோடு போட்டு அடித்துவிட்டு மேலே வடிவின் பெயரை எழுதி, இரும்பு மாத்திரையைப் பெயர் மாற்றி என்னிடம் கொடுத்தாள். டீக்கடையில், "என்னவே, வீட்டுல குடிவச்சிருக்கீராமே, அட்வான்ஸ் வாங்குனீரா?" என்று கேட்டார்கள். முப்பிடாதியின் புருஷன் கணபதி கேரளாவுக்குக் காய் ஏற்றிப்போகும் லாரி டிரைவர். திரும்பி வரும்போது நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு தன் வீட்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு, அதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து கொடுத்தான். அவன் அம்மா உடையம்மாள் மட்டும் யோசிக்கவில்லை. முதல் நாளிலிருந்தே மீன்குழம்போடு எங்கள் வீட்டுக்கு வந்து, வடிவு தின்று முடிக்கும்வரை எதிரே உட்கார்ந்திருப்பாள். வடிவின் முகத்தைப் பார்க்கமாட்டாள், வயிற்றைத்தான் பார்ப்பாள்.

"திரும்பக் குடுத்திருவ, இல்ல?" என்று ஒருநாள் கேட்டாள்.

"நான் என்ன ஒங்க பித்தளைக் குடத்தையா வாங்கி வச்சிருக்கேன்? பிள்ளை. தானா வரும்," என்றாள் வடிவு.

திரும்பக் கொடுக்க நாள் பார்த்தபோது பயிற்சிக்கான உத்தரவு வந்துவிட்டது. ஆறு மாதம், வெளியூர், ஓட்டமும் மலையேற்றமும். இடையில் வந்தால் பெயரை நீக்கிவிடுவார்கள். ஐந்து பேரும் சாக்குக் கட்டின்மேல் உட்கார்ந்து பேசினார்கள். ஒருத்தியே சுமந்தால் அவள் கூலி போய்விடும், உடம்பும் தாங்காது. மாதத்துக்கு ஒருத்தி என்று முறைவைத்துக்கொண்டால் பயிற்சி முடியவும் பத்தாம் மாதம் பிறக்கவும் சரியாக இருக்கும். உடையம்மாள் மட்டும், "ஒரே எடத்துல இருக்காத பிள்ளைக்கு எது தன் வீடுன்னு தெரியாமப் போயிரும்," என்றாள். கிழவி பேச்சு என்று விட்டுவிட்டார்கள். முப்பிடாதி நாலு பேர் காலிலும் விழுந்து கும்பிட்டுவிட்டு, தகரப் பெட்டியோடு பஸ் ஏறினாள்.

பச்சை வளையல் வடிவு கையிலிருந்து இசக்கி கைக்குப் போனது, பிள்ளையும் கூடவே போனது. இசக்கி அதை வெள்ளிக்கிழமை தோறும் விளக்கு பூஜைக்குக் கூட்டிப்போனாள், கோயிலில் துன்னூறு வாங்கி வயிற்றில் பூசினாள். அவளிடமிருந்து ஞானசெல்வம் கைக்குப் போனது. அவள் அதை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் வரிசையில் உட்கார்த்திவைத்து அதற்குக் கேட்கும்படி பாட்டுப் பாடினாள். பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருத்தி, "துன்னூறு பூசின வயித்தோட இங்க வரலாமா?" என்று கேட்டதற்கு, "பூசினது வெளியேதான் ஒட்டிச்சு, உள்ள போகலை," என்று பதில் சொல்லிவிட்டு அடுத்த பாட்டுக்குப் பக்கத்தைப் புரட்டினாள். அவளிடமிருந்து மைதீன்பாத்து கைக்குப் போனது. பாத்துவின் மாப்பிள்ளை குவைத்துக்குப் போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது. ஜமாத்துப் பெரியவர் ஒருவர் எஸ்.டி.டி. பூத்தில் உட்கார்ந்து அவருக்கு முழுவதும் விளக்கினார்; அந்த மனுஷன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அடுத்த மாசம் யாருகிட்ட போகும்?" என்று மட்டும் கேட்டாராம். ஆக அந்தப் பிள்ளை பிறப்பதற்கு முன்னாலேயே மணியும் பாட்டும் பாங்கும் கேட்டிருந்தது, நாலு வீட்டு அடுப்புப் புகையும் அதற்குப் பழகியிருந்தது. யார் வயிற்றில் இருந்தாலும் அதற்கு வேண்டியது ஒன்றுதான்: சுட்ட புளி.

தப்பு நடந்தது ஏழாம் மாதம், வளைகாப்பில்.

உடையம்மாளுக்குப் பேரப்பிள்ளைக்கு வளைகாப்பு செய்தே தீர வேண்டும். பெற்றவள் ஊரில் இல்லை, ஆகவே பாத்துவை மணையில் உட்கார்த்தினார்கள். அவளும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தபடி உட்கார்ந்தாள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. கர்ப்பிணியின் கையில் போட்ட வளையலைக் கழற்றிப் பிள்ளையில்லாதவள் போட்டுக்கொண்டால் அவளுக்கும் பிள்ளை உண்டாகும். உடையம்மாள் கை நிறைய மனசு உள்ளவள். தன் பேரப்பிள்ளையைச் சுமந்த வடிவுக்கும் அந்தப் பாக்கியம் கிடைக்கட்டும் என்று ஒரு சிவப்பு வளையலைப் பாத்து கையில் போட்டுக் கழற்றி வடிவு கையில் போட்டாள். ஒருத்திக்குப் போட்டால் மற்றவர்கள் மனசு வருந்துமே என்று இசக்கிக்கும் ஞானசெல்வத்துக்கும் அப்படியே செய்தாள். அந்த வீட்டில் அன்று இருந்த நாற்பது பெண்களில் ஒருத்திக்குக்கூட, பிள்ளை இதுவரைக்கும் எதைப் பிடித்துக்கொண்டு வீடு மாறியது என்று அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை. சந்தனம் பூசினார்கள், குலவையிட்டார்கள், ஐந்து வகைச் சோறு பரிமாறினார்கள்.

சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பாத்து கையை இலையிலேயே வைத்துவிட்டு, "வயித்துல அசைவைக் காணோம்," என்றாள்.

"இங்க உதைக்குது," என்றாள் இசக்கி மெதுவாக.

நர்சம்மா வந்து நாலு பேரையும் வரிசையாகப் படுக்கவைத்து மரக்குழாயை வைத்துக் கேட்டாள். கை கால் உதைப்பது இசக்கி வயிற்றில். நெஞ்சுத் துடிப்பு ஞானசெல்வம் வயிற்றில். பாத்துவிடம் பசி மட்டும் மிஞ்சியிருந்தது. புளியைச் சுட்டுக் கொடுத்தும் அடங்காத பசி. வடிவிடம் எதுவும் கேட்கவில்லை. "அசையலை. ஆனா தூங்குது. அது தூங்குறது எனக்குத் தெரியுது," என்றாள் வடிவு, அதைச் சொல்லும்போதே அவளுக்குக் கண் சொருகியது. நர்சம்மா அட்டையை எடுத்து நாலு பெயரையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டுப் பேனாவை மூடினாள்.

உடனே திரும்பச் சேர்த்துவிடலாம் என்று இசக்கி தன் சிவப்பு வளையலைக் கழற்றினாள். கழற்றிய வளையல் பாத்து கைக்குப் போய்ச் சேருமுன்னே ஞானசெல்வம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, "நிக்குது, போடு, திரும்பப் போடு," என்றாள். போட்டாள். துடிப்பு வந்தது. முழுசாக இருந்தபோது கைமாறியதுபோல, நாலாகப் பிரிந்த பிறகு பிள்ளை மாறவில்லை. ஒரே நேரத்தில் நாலு கையும் கழற்றி, ஒரே கையில், அதுவும் பெற்றவள் கையில் போட்டால்தான் உண்டு என்று முடிவானது.

முப்பிடாதியைக் கூப்பிடலாமா என்ற பேச்சு அன்று சாயங்காலம் முழுவதும் நடந்தது. கணபதி லாரிச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"சொன்னா ஓடி வந்திருவா," என்றாள் வடிவு. "வந்தா வேலை போயிரும். அப்பொறம் காலம் முழுக்க அந்தப் பிள்ளை முகத்தப் பாக்கும்போதெல்லாம் அதான் ஞாபகம் வரும். மூணு மாசம்தான. நாம ஒட்டியே இருந்துக்கிடுவோம்."

மூன்று மாதம் நாலு பேரும் ஒட்டியே இருந்தார்கள். ஒருத்தி ரேஷன் கடைவரைக்கும் தனியாகப் போனால்கூட ஞானசெல்வம் வயிற்றில் துடிப்பு மங்கியது. ஆகவே நாலு பேரும் எங்கள் வீட்டில் வந்து தங்கினார்கள், நான் மண்டியில் சாக்குமேல் படுத்துக்கொண்டேன், அவரவர் புருஷன்மார் அவரவர் வீட்டில் கஞ்சி வைக்கக் கற்றுக்கொண்டார்கள். விளக்கு பூஜைக்கு நாலு பேரும் போனார்கள், சர்ச்சுக்கு நாலு பேரும் போனார்கள், பாத்து தொழும்போது மூன்று பேரும் கைக்கெட்டும் தூரத்தில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். டவுன் பஸ்ஸில் கண்டக்டர் நாலு இடம் சேர்ந்தாற்போல ஒழித்துக் கொடுத்தார். அவர்கள் தெருவில் வரும்போது நாய்கள் குரைக்காமல் எழுந்து ஓரமாகப் போயின. ஊரில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. எதிரே வருகிற பெண்கள் தங்கள் வளையல்களை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை முப்பிடாதி போன் செய்வாள். கடையில் நாலு பேரும் ரிசீவரைச் சுற்றி நிற்பார்கள்.

"உதைக்குதா மதினி?" என்று கேட்பாள்.

"உதைக்குது," என்பாள் இசக்கி.

"துடிப்பு?"

"ஓடுது," என்பாள் ஞானசெல்வம்.

"சாப்பிடுதா?"

"ஊரையே திங்குது," என்பாள் பாத்து.

வடிவிடம் கேட்பதற்குள் அவள் கடைப் பலகையில் சாய்ந்து தூங்கியிருப்பாள். காய் பிரிக்கும்போது கையில் எலுமிச்சையோடு தூங்கினாள், பேசிக்கொண்டிருக்கும்போது சொல்லின் நடுவில் தூங்கினாள். அவள் கையும் காலும் வீங்கின. அந்த வீக்கத்தை நான் பார்த்தேன். கர்ப்பிணிக்கு வருவதுதானே என்று விட்டுவிட்டேன்.

பத்தாம் மாதம் நாலாம் நாள் முப்பிடாதி காக்கி உடுப்போடு வந்து இறங்கினாள். கறுத்து, தோள் அகன்று, நேராக நடந்தாள். எங்கள் வீட்டு நடுவறையில் அவளை உட்காரவைத்து, நடந்ததையெல்லாம் அப்போதுதான் சொன்னார்கள். அவள் ஒருத்தி முகத்திலிருந்து இன்னொருத்தி முகத்துக்குப் பார்த்துக்கொண்டே வந்து, "என்னால," என்றாள்.

"ஒன்னால ஒண்ணுமில்ல. கையை நீட்டு," என்றாள் பாத்து.

நர்சம்மா தயாராக நின்றாள். ஆண்பிள்ளைகள் வாசலில் நின்றோம். கதவு பாதி திறந்திருந்தது. நாலு பேரும் முப்பிடாதியைச் சுற்றி நின்று, ஒன்று இரண்டு என்று எண்ணி, ஒரே நேரத்தில் வளையலை இழுத்தார்கள். மூன்று கழன்றன. வடிவுடையது விரல் முட்டியில் நின்றது. தேங்காயெண்ணெய் ஊற்றினார்கள். சோப்பு போட்டார்கள். வளையல்காரர்கள் செய்வதுபோல பிளாஸ்டிக் பையைச் சுற்றி இழுத்தார்கள். வரவில்லை. ஞானசெல்வம் முகம் வெளுத்து, "மங்குது, சீக்கிரம்," என்றாள். வேறு வழியில்லாமல் மூன்று வளையலும் முப்பிடாதி கையில் ஏறின. அந்தக் கணமே அவள் வயிறு காக்கிச் சட்டையின் பொத்தான்களைத் தெறித்துக்கொண்டு எழுந்தது, இடுப்பு வலியும் கூடவே எழுந்தது.

வடிவு வாசலுக்கு வந்தாள். தூக்கத்தோடு போராடுகிற கண்ணால் என்னைப் பார்த்தாள். "ஏங்க, உடைச்சிரட்டுமா?" என்று கேட்டாள்.

சுமங்கலி தன் கை வளையலைத் தானே உடைத்தால் அது கட்டினவன் ஆயுளில் போய் விழும் என்று எங்கள் ஊரில் நம்பினார்கள். நானும் நம்பினேன். அவளும் நம்பினாள், அதனால்தான் என்னிடம் கேட்டாள். நான் உடனே பதில் சொல்லவில்லை. எதைப் பற்றியும் யோசித்ததாக நினைவில்லை. என் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான். உள்ளேயிருந்து இசக்கி, "அண்ணாச்சி, சொல்லுங்க," என்றாள். பிறகும் நின்றேன். நான் தலையை ஆட்டியதும், வடிவு நிலைக்கல்லில் கையை அடித்து வளையலை உடைத்ததும், உள்ளே பிள்ளை அழுததும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. எது முதலில் என்று மற்றவர்களுக்குக் குழப்பம் உண்டு. எனக்கு இல்லை. அழுகைதான் முதலில்.

பெண் பிள்ளை. நல்ல எடை, நல்ல துடிப்பு, நல்ல பசி. வனப்பேச்சி என்று பெயர் வைத்தார்கள், பேச்சி என்று கூப்பிட்டார்கள். உடைந்த சில்லுகளைப் பொறுக்கி முப்பிடாதியின் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்கள், பிள்ளையின் தலைமாட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் நாள்தான் உடையம்மாள் சொன்னாள்: "பிறந்ததுலேர்ந்து இது இன்னும் கண்ணை மூடலை."

பேச்சி தூங்கவில்லை. வளர்ந்தாள், தவழ்ந்தாள், பேசினாள், தூங்க மட்டும் செய்யவில்லை. படுக்கவைத்தால் கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பாள், அழுவதுகூட இல்லை. பெரிய ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள், சர்ச்சில் எண்ணெய் பூசினார்கள், பள்ளிவாசலில் தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், கோயிலில் கயிறு கட்டினார்கள். முப்பிடாதி வேலையை விட்டுவிடுகிறேன் என்றாள்.

"விடு, விட்டுட்டு வா," என்றாள் இசக்கி. "பிள்ளையச் சுமந்த கூலியை எங்க நாலு பேருக்கும் எண்ணி வச்சிட்டு வா. விளையாடுதியா? எதுக்குட்டி சுமந்தோம்?"

ஆகவே முப்பிடாதி மலைக்குப் போனாள், மூன்று பெண்களும் முறைவைத்துப் பேச்சியோடு விழித்திருந்தார்கள். மூன்று பேருக்கும் கண்ணுக்குக் கீழே கறுப்பு விழுந்தது. ஊர் அதற்கும் பழகியது. தங்கள் வீட்டு வேலை முடிந்த பெண்கள் வந்து, "நீ போய்ப் படு, நான் பாத்துக்கிடுதேன்," என்று உட்கார்ந்தார்கள்.

வடிவுக்கு முறை கிடையாது. வடிவு தூங்கினாள். முதல் வருஷம் பகலில் கொஞ்சம், இரண்டாம் வருஷம் பகலில் பாதி, மூன்றாம் வருஷம் நான் எழுப்பி ஊட்டினால்தான் சாப்பாடு. இரண்டு பேர் தூக்கத்தை ஒரு உடம்பு தூங்கியது. பேச்சி நடக்கக் கற்றதிலிருந்து மத்தியானம் தானாகவே எங்கள் வீட்டுக்கு வருவாள். கட்டிலருகே நின்று, தன்னுடைய பொம்மையை இன்னொரு பிள்ளை வைத்து விளையாடுவதைப் பார்ப்பதுபோல வடிவு தூங்குவதைப் பார்ப்பாள். "பெரியம்மா, தா," என்பாள். வடிவு கண்ணைத் திறக்காமலே, "எடுத்துக்கோயேன் கண்ணு, நான் பிடிச்சா வச்சிருக்கேன்," என்பாள்.

நாலாம் வருஷம், ஆடி மாதத்தில் ஒரு மத்தியானம், நான் கஞ்சியோடு போய் எழுப்பியபோது வடிவு எழவில்லை.

ஊர் கூடியது. கொட்டுக்காரர்கள் வந்தார்கள், பாடைக்கு மூங்கில் வெட்டினார்கள். சுமங்கலியாகப் போகிறவளுக்குக் கை நிறையப் புது வளையல் போட வேண்டும். வளையல்காரர் பெட்டியோடு வந்து நின்றார், பெண்களில் ஒருத்தியும் ஒரு வளையலையும் தொடவில்லை. அந்தக் கூட்டத்தில் யார் காலுக்கிடையிலோ நுழைந்து பேச்சி வந்தாள். வடிவைக் கிடத்தியிருந்த பெஞ்சில் ஏறி அவள் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தாள். கொட்டாவி விட்டாள். அதுவரைக்கும் யாரும் அவள் கொட்டாவி விட்டுப் பார்த்ததில்லை. வெறுங்கையாகக் கிடந்த வடிவின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

இசக்கி கொட்டுக்காரர்களைப் பார்த்துக் கையைக் காட்டினாள். கொட்டு நின்றது. மூங்கில் வெட்டுவது நின்றது. அழுதுகொண்டிருந்தவர்கள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டார்கள். முப்பிடாதி செய்தி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்து, பூட்ஸைக் கழற்றாமல் உள்ளே நுழைந்து, பிணத்தின் பக்கத்தில் கண்மூடிக் கிடக்கும் தன் பிள்ளையைப் பார்த்தாள். மூக்கில் விரலை வைத்துப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். ஞானசெல்வம் உதட்டை மட்டும் அசைத்து ஜெபித்தாள். பாத்து பிள்ளையின் பாதத்தில் கையை வைத்திருந்தாள்.

இருட்டுவதற்குள் எடுக்க வேண்டும் என்றார்கள். பிள்ளையை எழுப்பலாமா என்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"இருக்கட்டும்," என்றேன். "தானா எந்திரிக்கட்டும்."

அன்று இருட்டி, விடிந்து, மறுநாள் மத்தியானம்வரை ஊர் பேசாமல் உட்கார்ந்திருந்தது. பேச்சியின் மூச்சு இடையிடையே நீண்டு நின்றுபோகும், முப்பிடாதி எழப்போவாள், மூச்சு திரும்ப வரும். வெயில் முற்றத்தில் பாதி வந்தபோது பேச்சி கண்ணைத் திறந்து, பசிக்கிறது என்றாள். அவள் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு வடிவைத் தூக்கினார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்தேன். முப்பிடாதி வந்து பக்கத்தில் நின்றாள். பிள்ளை சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கிவிட்டாள் என்றாள். சாப்பிடச் சாப்பிட, வாயில் சோற்றோடேயே தூங்கிவிட்டாள் என்றாள். கொஞ்ச நேரம் தன் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணாச்சி, இப்ப அவ தூங்குறது அவ தூக்கமா, மதினி தூக்கமா?"

"அவ தூக்கந்தான்," என்றேன், அவள் கேட்டு வாய் மூடுமுன்னே.